பெரிய மெமரி பக்கங்கள்: மூன்று வழிகளில் பழைய மென்பொருளை மதிப்பது எது?

கணினி தன் நினைவகத்தைப் 'பக்கம்' என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரித்துத்தான் கையாளும். 1 ஜிபி நினைவகத்தை 4 கேபி பக்கங்களாக வெட்டினால் 2,62,144 துண்டு வரும், 2 எம்பி பக்கங்களாக வெட்டினால் 512 தான். புரோகிராம் சொல்லும் முகவரி நினைவகத்தில் உண்மையில் எந்தப் பக்கம் என்ற குறிப்புகளைக் கையோடு வைத்திருக்கும் டிஎல்பி என்ற சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பில் இடம் மிகக் குறைவு என்பதால், பெரிய பக்கம் தேவை என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அதை எந்த வழியில் கொண்டுவருவது என்பதில்தான் சண்டை. லினக்ஸில் இருக்கும் மூன்று வழிகளையும் நான் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன், நேற்று எழுதி முடித்த புரோகிராம் நாளைக்கும் அப்படியே ஓடுமா என்று.

முதல் வழி ஹியூஜ்டிஎல்பி, அதாவது பெரிய பக்கங்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்து, கேட்கிற புரோகிராமுக்குக் கொடுப்பது. லினக்ஸின் மையமான கர்னலில் 2.6.27 (2008) வருவதற்கு முன் இதில் ஒரே ஒரு பெரிய அளவுதான். நினைவக நிலவரத்தைச் சொல்லும் மெம்இன்ஃபோ கோப்பில் 'ஹியூஜ்பேஜ்சைஸ்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துக் கணக்குப் போடும் புரோகிராம்கள் ஏராளம். 2 எம்பியோடு 1 ஜிபியும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று வந்தபோது அந்த வரியை யாரும் தொடவில்லை. அது இயல்பான அளவு ஒன்றை மட்டுமே சொல்லும் என்று வைத்துக்கொண்டு, கர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வோர் அளவுக்கும் தனி அடைவு கொடுத்தார்கள். அப்புறம் 3.8இல் புரோகிராம் கர்னலிடம் மெமரி கேட்கும் எம்மேப் அழைப்பிலேயே அளவைச் சொல்லும் வசதி வந்தது: கொடிகளின் மேல்பக்கத்தில் 6 பிட், அதில் 21 என்றால் 2 எம்பி, 30 என்றால் 1 ஜிபி. பழைய புரோகிராம் அந்த பிட்களில் எதையும் எழுதியிருக்காது, பூஜ்யமாகவே கிடக்கும், பூஜ்யம் என்றால் இயல்பான அளவு. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்கூட 14ஆம் பதிப்பில் பெரிய பக்கத்தின் அளவைத் தேர்ந்தெடுக்க விட்டபோது இதையேதான் செய்தது, 0 என்றால் கணினியின் இயல்பான அளவு.

ஓட்டை இல்லாமல் இல்லை. பூட் நேரத்தில் இயல்பான அளவையே 1 ஜிபி ஆக்கினால், 2 எம்பி என்று உள்ளுக்குள் எழுதி வைத்திருக்கும் புரோகிராம் மெமரியைத் திருப்பிக் கொடுக்கும்போது, நீளம் 1 ஜிபியின் மடங்காக இல்லை என்று, திருப்பிக் கொடுக்கும் அழைப்பான முன்மேப் மறுத்துவிடும். அதனால் இயல்பானதைத் தொடாதீர்கள், 1 ஜிபி பக்கங்களைத் தனியாக ஒதுக்குங்கள். மற்றபடி இதில் முன்கூட்டியே ஒதுக்கியது பயன்படாமல் கிடந்தாலும் வேறு யாருக்கும் போகாது, ஸ்வாப்பும் (வட்டுக்கு நகர்த்தலும்) ஆகாது. டேட்டாபேஸுக்கு அது பரவாயில்லை, பொது சர்வருக்குக் கஷ்டம்.

அடுத்தது டிஎச்பி (டிரான்ஸ்பேரண்ட் ஹியூஜ் பேஜ்), 2.6.38 (2011). புரோகிராமுக்குத் தெரியாமலே கர்னல் பெரிய பக்கம் கொடுத்துவிடும். எதுவும் உடையாது என்று கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடத்தை மாறும். ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் தரவைச் சேமிக்க ஃபோர்க் செய்த (தன்னையே இன்னொரு புரோசஸாகப் பிரித்த) பிறகு ஒரு பைட்டை மாற்றினால், 5.8க்கு முந்தைய கர்னல்களில் 4 கேபிக்குப் பதில் 2 எம்பி நகலாக வேண்டியிருந்தது. டிஎச்பியை அணைத்துவிடுங்கள் என்று ரெடிஸ் ஆவணமே சொன்னது இதனால்தான். என்னைக் கேட்டால் 'எம்அட்வைஸ்' நிலையில் வையுங்கள், கேட்கிற புரோகிராமுக்கு மட்டும் கிடைக்கும். 2024இல் 6.8 கர்னல் 64 கேபி போன்ற இடைப்பட்ட அளவுகளையும் சேர்த்தது. அதிலும் ஒழுங்காகவே செய்தார்கள். 2 எம்பி மட்டும் பழைய அமைப்பைப் பின்பற்றும், மற்ற அளவுகள் நாமாகத் திறக்கும்வரை மூடியே இருக்கும்.

மூன்றாவது, அடிப்படைப் பக்கத்தையே பெரிதாக்குவது. ஆர்ம் 64 பிட் சிப்களில் 4, 16, 64 கேபி மூன்றுக்கும் இடம் உண்டு. உடைப்பு அதிகம் நடக்கும் இடமும் இதுதான். பக்க அளவைக் கணினியிடம் கேட்காமல் 4096 என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர். சின்னக் கணினியான ராஸ்பெரி பை 5 இயல்பாக 16 கேபி கர்னலோடு வந்ததும், 4 கேபிக்கென்று கட்டப்பட்ட ஜெமாலக் என்ற மெமரி ஒதுக்கும் நூலகம் 'இந்தப் பக்க அளவு ஆகாது' என்று நின்றுபோனது. கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து 4 கேபி கர்னலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ரெட் ஹாட்டின் லினக்ஸும் ஆர்மில் 64 கேபியோடு இருந்துவிட்டு, 9ஆம் பதிப்பில் இயல்பை 4 கேபி ஆக்கியது. வேக லாபம் உண்மைதான், ஆனால் பழைய பைனரி கையில் இருக்கிற சர்வரில் இதை நான் போடமாட்டேன்.

ஆண்ட்ராய்டில் அந்தத் தேர்வு நம் கையில் இல்லை. 15ஆம் பதிப்பு 16 கேபியை ஆதரிக்கிறது, 2025 நவம்பர் 1 முதல் 15ஐயோ அதற்கு மேலுள்ள பதிப்பையோ குறிவைக்கும் புதிய ஆப்களுக்கும் அப்டேட்களுக்கும் கூகுள் பிளே 16 கேபி ஆதரவைக் கட்டாயமாக்கியது. கோட்லினிலோ ஜாவாவிலோ மட்டும் எழுதிய ஆப்புக்குப் பெரிதாக வேலையில்லை. சி++ நூலகம் இருந்தால் 16 கேபி சீரமைப்போடு மறுபடி கட்டுங்கள், கூடவே கோடில் 4096 எங்கெல்லாம் இருக்கிறது என்றும் தேடுங்கள். அப்படிக் கட்டிய நூலகம் 4 கேபி போன்களிலும் ஓடும் என்பதால் இரண்டு பதிப்பு வைத்துக்கொள்ளத் தேவையில்லை.