முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கண் வைத்தியம்: ஆபரேஷனுக்கு நம்பலாம், கண்ணாடிக்கு வேறு வழி பாருங்கள்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சென்னையில் கண் வைத்தியம் பார்க்க முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு ரெட்டினா (கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கிற விழித்திரை) ஆபரேஷன் இந்த அட்டையில்தான் நடந்தது. பெரிய ஆபரேஷன் என்றால் தாராளமாக நம்பலாம். கண்ணாடி, சொட்டு மருந்து, சும்மா ஒரு தடவை கண்ணைக் காட்டிவிட்டு வருவது, இதற்கெல்லாம் அட்டை உதவாது. இந்த வித்தியாசம் தெரியாமல் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம்.

அப்பா ஆட்டோ ஓட்டியவர், ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. முதலில் ஒரு கண்ணில் கறுப்பாகத் தூசி மிதக்கிறது என்றார், அப்புறம் ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம், கடைசியில் கடை ஷட்டரை இறக்குவது போல ஒரு பக்கமே இருட்டிக்கொண்டு வந்தது. வயசானால் அப்படித்தான் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். வயசு அல்ல, ரெட்டினா பிரிந்துகொண்டிருந்தது. நடுப்பகுதி பிரிவதற்குள் ஆபரேஷன் செய்தால் மிஞ்சுகிற பார்வையே வேறு, அதனால் இந்த அறிகுறி இருந்தால் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2009-ல் தொடங்கிய காப்பீடு இது. 2012-ல் இப்போதைய பெயர் வந்தது, 2018-ல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாய், இப்போது வருஷத்துக்கு 1,20,000. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று தனி கவுண்டர் இருக்கும். அட்டை, ஆதார், ரேஷன் கார்டு கொடுத்தால் ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் அவர்களே ஆன்லைனில் அனுப்பி அப்ரூவல் வாங்குகிறார்கள். பணம் நம் கை வழியாகப் போவதே இல்லை. அந்தக் காத்திருப்புதான் கஷ்டம், அப்ரூவல் வந்ததா வந்ததா என்று கவுண்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் வந்த பிறகு அட்மிஷன், மருந்து, சாப்பாடு எதற்கும் எங்களிடம் காசு கேட்கவில்லை.

இது இரண்டாவதாகப் போன ஆஸ்பத்திரியில் நடந்தது. முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியும் பட்டியலில் இருந்ததுதான், பெயர் வேண்டாம். அங்கே கவுண்டரில் இருந்தவர் அட்டையில் செய்தால் சாதாரணமாகத்தான் செய்வோம், நல்லதாக வேண்டுமென்றால் மேல்தொகை கட்டுங்கள் என்றார். கண் பறிபோகும் பயத்தில் நிற்கும் மனிதரிடம் பேசுகிற பேச்சா இது? அட்டையில் சேர்கிற சிகிச்சைக்கு மேல்தொகை வாங்கவே கூடாது. அப்படிக் கேட்டால் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், அங்கேயே நின்று 1800 425 3993-க்குப் போன் போடுங்கள். இலவச எண், தமிழில் பேசலாம்.

ஒரு விஷயத்தை முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பிரிந்த ரெட்டினா ஒட்டி நிற்பதற்காகக் கண்ணுக்குள் கேஸ் வைப்பார்களா, சிலிக்கான் ஆயில் வைப்பார்களா? கேஸ் தானாகக் கரைந்துவிடும். ஆயிலை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும், அதற்கும் அப்ரூவல் உண்டா என்று கவுண்டரில் முன்கூட்டியே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து குப்புறப் படுக்கச் சொன்னால் படுத்தே ஆக வேண்டும். அப்பா அதற்கு ரொம்பச் சிரமப்பட்டார், பகலில் நானும் ராத்திரியில் தம்பியும் பக்கத்திலேயே இருந்தோம்.

இனி என் குறை. இந்தத் திட்டம் அட்மிஷன் போட்டுச் செய்கிற சிகிச்சைக்கானது. அட்மிஷன் இல்லாமல் காட்டிவிட்டு வருகிற ஓ.பி. செலவு இதில் வராது. கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பவர் ஆயுசுக்கும் சொட்டு மருந்து போட வேண்டும், நிறுத்தினால் நரம்பு கெட்டுப் போகும், போன பார்வை திரும்பாது. அந்தச் சொட்டு மருந்தை மாதாமாதம் வெளியில் வாங்குகிறவர்களுக்கு அட்டை ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. கண்ணாடியும் அப்படியே. எங்கள் தெருவில் தையல் வேலை செய்கிற அக்கா ஊசியில் நூல் கோக்க முடியாமல் பிளாட்பாரத்தில் ஒரு ரெடிமேட் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்கிறார், இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர். நாற்பது தாண்டினால் கிட்டத்தில் பார்த்துச் செய்கிற வேலை எல்லாருக்கும்தான் சிரமமாகும், அதனால் சம்பாத்தியமே நின்றுபோகிறவர்கள் இவரைப் போன்றவர்கள். லட்சக்கணக்கில் ஆபரேஷனுக்குக் கொடுக்கிற அரசு, உழைக்கிறவர்களுக்கு ஒரு கண்ணாடியையும் இதே அட்டையில் சேர்க்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிறார்களே, பெற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.

அதுவரைக்கும் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிதான் வழி. 1819-ல் ஆரம்பித்தது, ஆசியாவிலேயே பழைய கண் மருத்துவமனை. அட்டையே இல்லாவிட்டாலும் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம், பவர் பார்க்கலாம், கண்புரை ஆபரேஷனும் இலவசம். அரசு ஆஸ்பத்திரிகளில் கண்புரைக்கு 1976-ல் வந்த தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் இருக்கிறது, காப்பீட்டுக்காக அலைய வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். கண் பாப்பா விரிய சொட்டு போட்டால் சில மணி நேரம் கண் கூசும், பக்கத்தில் இருப்பதும் தெரியாது, அதனால் துணைக்கு ஒருவர் வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிச் சொட்டு போட்டு ரெட்டினாவைக் காட்டியே ஆக வேண்டும். அப்பாவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் போங்கள். யார் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதோ அவருக்குத்தான் காப்பீடு, அதனால் வயசான அப்பா அம்மா பெயர் எந்த மகன் கார்டில் இருக்கிறது என்பதை இப்போதே எடுத்துப் பாருங்கள். எங்கள் அப்பாவுக்கு ஆயில் வைத்திருக்கிறார்கள், எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அப்ரூவல் எப்படி வந்தது என்பதை முடிந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.