ரெண்டாவது டிஷ் என்று சொல்லி 7,400 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள், படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயந்திரம்தான் முழு விஷயமும் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டிஷ் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில், ஊதியூருக்கு முன்னால் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத்துக்கு வருவேன். ஊட்டில் அப்பாவும் ஆத்தாவும் மட்டும். கேபிள் அவ்வளவு தூரம் வராது, அதனால் அஞ்சாறு வருசத்துக்கு முன்பே டிடி ஃப்ரீ டிஷ் மாட்டியிருந்தோம். 2004லிருந்து தூர்தர்ஷன் நடத்துகிற, மாசக் கட்டணமே இல்லாத டிஷ் அது. ஆத்தாவுக்கு அதில் டிடி தமிழ் வரும். 2024 ஜனவரியில் பெயரை மாற்றிவிட்டார்கள், ஆத்தாவுக்கு அது இன்னமும் பொதிகைதான். மற்றதில் முக்கால்வாசி இந்தி. சீரியல் இல்லையே என்பது மட்டும்தான் ஆத்தாவின் குறை. பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வருவார். எண்பத்தொரு வயசு. அதை நினைத்துத்தான் நான் இந்தக் குழியில் விழுந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிஷ், ஹோம் தியேட்டர் எல்லாம் விற்கிற ஒரு கடை. பேரைச் சொல்லப் போவதில்லை, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஊகிக்க முடியும். ‘இருக்கிற டிஷ்ஷோட ரெண்டாவது டிஷ் சேர்த்து, எல்லாத் தமிழ்ச் சேனலும் வாழ்நாள் முழுக்க இலவசம்’ என்று வாசலில் ஒரு பேனர். உள்ளே போனேன். கடைக்காரருக்கு அப்பா வயசு இருக்கும். நெற்றி நிறைய விபூதி.

“ஏனுங்க, பே சேனலெல்லாம் எப்படிங்க இலவசமா வரும்?” என்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் கேட்காமல் ஏமாறவில்லை.

“அம்மிணி, அது வேற சேட்டிலைட்டு. அதுல எல்லாமே திறந்து கிடக்குது, கம்பெனிக்காரன் சொல்ல மாட்டான். ஒரே பாக்ஸ், ஒரே ரிமோட். ஆத்தாவே மாத்திக்குவாங்க. இருவது வருசமா இதே தொழிலுங்க, நம்மூட்டுப் புள்ள மாதிரி சொல்றேன்.”

நம்மூட்டுப் புள்ள! அந்த ஒரு வார்த்தையில் சாய்ந்துவிட்டேன். எந்த சேட்டிலைட், எத்தனை டிகிரி, சேனல் பட்டியல் எங்கே என்று ஒரு கேள்வியும் அதற்குமேல் வாயில் வரவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: டிஷ், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்று சிக்னலை வாங்குகிற சாமான்) 2,200. பாக்ஸ் 2,900. கேபிள், ஸ்விட்ச் 800. ஃபிட்டிங் 500. லைஃப்டைம் ஆக்டிவேஷன் 1,000. ஆக மொத்தம் 7,400. இலவசமாகத் திறந்து கிடக்கிற சேனலுக்கு எதற்கய்யா ஆக்டிவேஷன்? இப்போது கேட்கிறேன். அப்போது 3,000 ரூபாயை அட்வான்ஸாக ஜிபேயில் அனுப்பிவிட்டு, ஆத்தாவுக்கு வறுக்கி வாங்கிக்கொண்டு சந்தோசமாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஒரு பையன் வந்தான். நல்லாத்தான் பேசினான், அக்கா அக்கா என்றான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கைப்பிடிச் சுவரில் புது டிஷ்ஷை மாட்டினான். பழைய டிஷ் கேபிளையும் புதுக் கேபிளையும் ஒரு சின்னப் பெட்டியில் சொருகி, கறுப்பு டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றினான். கீழே வந்து புதுப் பாக்ஸைப் போட்டு ஸ்க்ரீனில் இரண்டு பட்டையைக் காட்டினான். மேல் பட்டை ஸ்ட்ரென்த், 85 சதவீதம், பச்சையாக நின்றது. கீழே குவாலிட்டி, சைபர்.

“கீழ இருக்கறது ஏன் தம்பி காலியா இருக்குது?”

“அது பத்து நிமிசத்துல ஏறிக்கும்க்கா. மேல இருக்கறதுதான் முக்கியம்.”

அப்புறம் “சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணணும்” என்று சொல்லித் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பாக்ஸின் பின்னால் ஒரு வைஃபை டாங்கிளைச் சொருகினான். என்னமோ தட்டினான். சட்டென்று ஒரு தமிழ் நியூஸ் சேனல் வந்தது. கண்ணாடி மாதிரி படம். அப்புறம் இன்னொரு நியூஸ் சேனல். ஆத்தா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். “சீரியல் போடு கண்ணு” என்றார். “அது ஏழு மணிக்கு மேலதானுங்க ஆத்தா” என்றான். நானும் சரி என்று, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மிச்சம் 4,400 ரூபாயை அனுப்பினேன். அனுப்பிய பெயர் கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண் பெயர். “ஓனர் ஊட்டுக்காரம்மா கணக்குங்க்கா” என்றான். பில்? “நாளைக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்பிடறோம்.” இன்றுவரை வரவில்லை.

ரிமோட்டைத் தொடாதீர்கள், டியூன் ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வண்டிச் சத்தம் தொண்டுப்பட்டியைத் தாண்டிப் போய் அரை நிமிசம்கூட இருக்காது. ஸ்க்ரீன் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழு மணி ஆச்சு, எட்டு ஆச்சு. அதைவிடக் கொடுமை, பழைய டிஷ்ஷில் ஒழுங்காக வந்த டிடி தமிழும் வரவில்லை. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு பதில்.

முதல் நாள்: “மேகமா இருக்குதுங்க, வெறிச்சதும் வந்துரும்.” வானத்தில் ஒரு பஞ்சு கூட இல்லை. கனமழையில்தான் டிஷ் படம் போகும், சும்மா மேகத்துக்கெல்லாம் போகாது என்பது அஞ்சாறு வருசம் டிஷ் வைத்திருக்கிற எனக்குத் தெரியாதா?

மூணாம் நாள்: “ஆடிக் காத்துங்க அம்மிணி, டிஷ் அசைஞ்சிருக்கும். பையனை அனுப்பறேன்.” ஆடிக் காற்று எங்கள் பக்கம் ஆளையே தள்ளும், அது உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே நிற்கிற பழைய டிஷ் இத்தனை ஆடியைப் பார்த்துவிட்டு அசையாமல் நிற்கிறதே.

அஞ்சாம் நாள்: பையன் நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டான்.

ஏழாம் நாள் சொன்னதைத்தான் நான் சாகிறவரை மறக்க மாட்டேன். “மேல சேட்டிலைட்டுல சர்வீஸ் நடக்குதுங்க.” பூமியிலிருந்து கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு யார் போயிருக்கிறார்கள், இவர் பையனா?

ஒன்பதாம் நாள் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். உடனே அவர் குரல் மாறியது. “இதெல்லாம் உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க. ஊட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தாப் பேசச் சொல்லுங்க.” பணம் வாங்கும்போது மட்டும் என் போனிலிருந்து வந்தால் பரவாயில்லையாம். அதற்கப்புறம் என் நம்பரை எடுப்பதில்லை. வாட்ஸ்ஆப்பில் ரெண்டு நீல டிக், அவ்வளவுதான்.

நேற்று சித்தப்பா பையன் பல்லடத்திலிருந்து வந்தான். சிசிடிவி மாட்டுகிற வேலை, இந்தக் கேபிள் சமாச்சாரம் அத்துப்படி. நான் நடந்ததைச் சொல்லச் சொல்லச் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். “வட்டம் சுத்துச்சா? அக்கா, டிஷ்ல படம் போனாக் கட்டம் கட்டமா உடையும், இல்லைன்னா நோ சிக்னல்னு வரும். வட்டம் சுத்தறது நெட்டு.” பாக்ஸின் வைஃபை பக்கத்தைத் திறந்தான். அந்தப் பையனின் போன் பெயர் அப்படியே சேமிப்பில் இருந்தது. நான் 4,400 ரூபாய் கொடுத்துப் பார்த்தது டிஷ் படமே இல்லை. யூடியூப். நியூஸ் சேனல்கள்தான் யூடியூபில் நாள் முழுக்கச் சும்மாவே ஓடுகின்றனவே. அவன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிக் காட்டிவிட்டு, வண்டியோடு சேர்த்துப் படத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தப் பச்சைப் பட்டைக்கும் பதில் சொன்னான். எல்என்பிக்குக் கேபிள் வழியாகக் கரன்ட் போனாலே ஸ்ட்ரென்த் ஏறிவிடும், டிஷ் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் சரி. சேட்டிலைட்டைப் பிடித்திருக்கிறதா என்று சொல்வது குவாலிட்டிதான். எனக்கு அந்தச் சைபரைக் காட்டியேதான் ஏமாற்றியிருக்கிறான், மறைக்கக்கூட இல்லை.

அப்புறம் மாடிக்குப் போனோம். போனில் காம்பஸை வைத்துப் பார்த்தான். ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட் 15 சேட்டிலைட்டிலிருந்து, கிழக்கே 93.5 டிகிரி. அதனால் எங்கள் பழைய டிஷ் தென்கிழக்கே பார்த்து அண்ணாந்து நிற்கிறது. புது டிஷ்? நேர் வடக்கு. “டிவி சேட்டிலைட் பூராவும் பூமத்திய ரேகைக்கு மேலதான்க்கா நிக்கும். நம்ம ஊர்ல இருந்து வடக்கே பாத்தா ஒண்ணுமே கிடையாது” என்றான். ஒண்ணுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது, வடக்கே சிவன்மலை முருகன் கோயில் இருக்கிறது. எங்கள் 7,400 ரூபாய் டிஷ் பன்னிரண்டு நாளாக முருகனைக் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. பக்தர் கனவில் முருகன் வந்து சொல்கிற பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டி அங்கே உண்டு, அதில் அடுத்து ஒரு எல்என்பியை வைக்கச் சொல்லி யார் கனவிலாவது வருவாரோ என்னவோ.

கறுப்பு டேப்பைப் பிரிக்கவே கால் மணி நேரம் ஆனது. உள்ளே இருந்தது ஸ்விட்ச் இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளித் தகரப் பெட்டி, கேபிள் டிவிக்குப் போடுகிற ஸ்ப்ளிட்டர். அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது, 5-1000 மெகாஹெர்ட்ஸ் என்று. எல்என்பியிலிருந்து இறங்கி வருவது 950லிருந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமாம். ஸ்ப்ளிட்டர் என்பது ஒரு லைனை ரெண்டாகப் பிரிக்கிற சாமான். அதையே திருப்பிப் போட்டு ரெண்டு டிஷ்ஷை ஒன்றாக்க முடியாது, ரெண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பும். ரெண்டு டிஷ்ஷுக்குப் போட வேண்டியது டைசெக் ஸ்விட்ச். ஒவ்வொரு டிஷ் கேபிளும் அதில் தனித்தனி வாயில் போகும், அங்கிருந்து ஒரே கேபிள் பாக்ஸுக்கு இறங்கும். எந்த சேட்டிலைட் எந்த வாய் என்று மெனுவில் சொல்லிவிட்டால், சேனல் மாற்றும்போது பாக்ஸே அதைத் திருப்பிக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை. அந்த ஸ்விட்ச் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். எனக்குப் போட்ட ஸ்ப்ளிட்டரில் ஒரு வாயில் மட்டும்தான் கரன்ட் போகும். அந்த வாயில் புது டிஷ்ஷைச் சொருகியிருக்கிறான். பழைய டிஷ்ஷுக்குக் கரன்டே போகவில்லை. டிடி தமிழ் செத்ததற்குக் காரணம் அதுதான்.

பழைய கேபிளை நேராகப் பாக்ஸில் சொருகினான். டிடி தமிழ் வந்துவிட்டது. ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. “சீரியலுக்கு நான் அங்கயே போயிக்கறேன், உடு” என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் மேலும் தப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பே சேனலைக் காசில்லாமல் பார்க்க ஆசைப்பட்டேன். அது பூட்டித்தான் மேலிருந்து வருகிறது, கம்பெனி பாக்ஸும் கார்டும் மாசக் கட்டணமும் இல்லாமல் திறக்காது. எந்த சேட்டிலைட்டிலும் ‘திறந்து கிடப்பது’ கிடையாது. மாசம் இருநூறோ முந்நூறோ கட்டியிருந்தால் இந்த 7,400 ரூபாய்க்கு ஆத்தா ரெண்டு வருசம் சீரியல் பார்த்திருப்பார்.

சரி, சொல்கிறேன் என்றேனே. குவாலிட்டி பட்டையைப் பாருங்கள், ஸ்ட்ரென்த்தை அல்ல. படம் காட்டும்போது அவர்கள் போனை ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள், டாங்கிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். டேப் சுற்றுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியை ஒரு போட்டோ எடுங்கள். கடைப் பெயர் இல்லாத கணக்குக்குப் பணம் போடாதீர்கள், பில் இல்லாமல் மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, அப்புறம் பார்க்கலாம்.

1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, இன்று காலையில் கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. துண்டுச் சீட்டு இருக்கிறது, 3,000க்கும் 4,400க்கும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது, சேட்டிலைட் சர்வீஸ் நடக்கிறது என்று அவர் சொன்னது என் போனில் ரெக்கார்டும் ஆகியிருக்கிறது.

ஸ்ப்ளிட்டரை ஒரு கேரி பேக்கில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை லீவு சொல்லியாச்சு, காலையில் கடை திறக்கும்போதே போய் நிற்பேன். சித்தப்பா பையனும் கூட வருகிறான். ஆனால் பேசப் போவது நான்தான்.