உபுண்டு லேப்டாப்பில் ஆரக்கிள் பழக எந்த வழி?

ஆரக்கிள் டேட்டாபேஸுக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு உள்ள லினக்ஸ் வகைகளில் ஆரக்கிள் லினக்ஸ், ரெட் ஹேட், சூசே எல்லாம் உண்டு. உபுண்டு கிடையாது. ஆனால் பழக நினைக்கிற பலருடைய லேப்டாப்பில் இருப்பது உபுண்டுதான்.

முதல் வழி, உபுண்டுவிலேயே அடம்பிடித்து ஏற்றுவது. ஆரக்கிளின் பழைய இலவசப் பதிப்பான 11ஜி எக்ஸ்பிரஸ் எடிஷனில் நான் இதைச் செய்தேன். லினக்ஸுக்கு அது ரெட் ஹேட் போன்றவை ஏற்கும் ஆர்பிஎம் கோப்பாக மட்டுமே வந்தது. ஏலியன் என்ற கருவியால் அதை உபுண்டு ஏற்கும் டெப் கோப்பாக மாற்றினேன். நிறுவிய பிறகு செட்டப் ஸ்கிரிப்ட் 'ஆக்' (awk) என்ற நிரலை 'பின்' (/bin) அடைவில் தேடியது. உபுண்டுவில் அது இருந்ததோ யூஎஸ்ஆர் பின்னில் (/usr/bin). சரி, ஒரு சிம்லிங்க் (வேறிடத்தில் இருப்பதைக் காட்டும் இணைப்பு) போட்டேன். அடுத்து, சேவைகளைத் தானாகத் தொடங்கவைக்கும் ரெட் ஹேட் கருவியான செக்-கான்ஃபிக் இல்லை என்றது. அந்தப் பெயரில் ஒரு போலி ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். டேட்டாபேஸைக் கிளப்பினால் ஓஆர்ஏ-00845 பிழை, மெமரி டார்கெட்டுக்கு (டேட்டாபேஸுக்கு ஒதுக்கும் மெமரி அளவு) ஆதரவில்லை! ரேம் போதவில்லை என்று நினைத்து அரை நாள் வீண். உண்மையில் நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு மெமரிக்கான டெவ் எஸ்ஹெச்எம் (/dev/shm) அடைவு அந்த உபுண்டுவில் வெறும் சிம்லிங்க்; அதைத் தனியாக மவுண்ட் செய்ததும் ஓடியது. புதிய பதிப்புகளிலும் இந்த ஒட்டுவேலை ஓயவில்லை. உபுண்டு 24.04-இல் ஆரக்கிள் தேடும் லிப்-ஏஐஓ நூலகக் கோப்பின் பெயரே மாறிவிட்டதால் அதற்கும் ஒரு சிம்லிங்க் வேண்டும். இதில் லினக்ஸ் நன்றாகவே படியும். ஆரக்கிள் படிவது குறைவு.

டேட்டாபேஸுடன் பேசும் மொழிகளான எஸ்க்யூஎல், பிஎல்-எஸ்க்யூஎல் மட்டும் போதும் என்பவர்கள், மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்குப் போய்விடலாம். ஆரக்கிளின் சொந்த ரெஜிஸ்ட்ரியிலேயே (இணையக் கிடங்கு) 'ஃப்ரீ' என்ற இலவசப் பதிப்பின் இமேஜ் (கன்டெய்னருக்கான தயார் தொகுப்பு) கிடைக்கிறது. 2 சிபியு த்ரெட், 2 ஜிபி ரேம், 12 ஜிபி டேட்டா என்ற வரம்பு பயிற்சிக்குத் தாராளம். லாகில் 'டேட்டாபேஸ் இஸ் ரெடி டு யூஸ்' வந்ததும் 1521 போர்ட்டில் இணைந்து வேலையைத் தொடங்கலாம். டேட்டாவைக் கன்டெய்னருக்கு வெளியே வைக்கும் வால்யூமை மட்டும் மறக்காதீர்கள். அதைக் கொடுக்காமல் கன்டெய்னரை அழித்து, ஒரு வாரம் கட்டிய டேபிள்களைப் பறிகொடுத்தவன் நான். மறுமுறை வால்யூமாக ஒரு ஃபோல்டர் கொடுத்தேன், பெர்மிஷன் இல்லை என்றது. உள்ளே ஓடும் ஆரக்கிள் பயனரின் எண் 54321. ஃபோல்டரை அந்த எண்ணுக்கு உரிமையாக்கியதும் சரியானது.

டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வேலைக்குத் தயாராகிறவருக்கு இது பற்றாது. இமேஜில் எல்லாமே முன்பே நிறுவப்பட்டிருக்கும். ஆரக்கிள் ஹோம் (மென்பொருள் நிறுவப்படும் அடைவு) அமைப்பதும் பேட்ச் போடுவதும் கைக்குப் பழகாது. அவர்களுக்கு என் ஓட்டு, லேப்டாப்புக்குள் இன்னொரு கணினியை (விஎம்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஆரக்கிள் லினக்ஸ் 8, அதற்குள் ஆரக்கிள் டேட்டாபேஸ் 19சி. ப்ரீ-இன்ஸ்டால் என்ற ஒரே பேக்கேஜ் கெர்னல் அளவுருக்கள், பயனர், குழுக்கள் எல்லாவற்றையும் அமைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், 19.3 இன்ஸ்டாலர் இந்த ஆதரவுள்ள சிஸ்டத்திலும் முரண்டு பிடிக்கும், ஆரக்கிள் லினக்ஸ் 8-ஐ அதற்குத் தெரியாது. சிவி அஸ்யூம் டிஸ்ட்-ஐடி (CV_ASSUME_DISTID) என்ற சூழல் மாறியில் 'இது ஆரக்கிள் லினக்ஸ் 7' என்று ஒரு பொய் சொல்ல வேண்டும்.

விஎம்முக்கு 4 ஜிபி ரேமாவது ஒதுக்குங்கள். மொத்தமே 8 ஜிபி என்றால் ப்ரவுசரை மூடிவிட்டுத்தான் உட்கார வேண்டும். நிறுவி முடித்த கையோடு ஒரு ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையின் பதிவு). அப்புறம் டேட்டாபேஸின் அமைப்பைப் பதிந்துவைத்திருக்கும் கன்ட்ரோல் ஃபைலையே அழித்துவிட்டு ரெக்கவரி பழகலாம்; சொதப்பினால் இரண்டு நிமிடத்தில் பழைய நிலை.