கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி: குடும்பத்தில் யார் பெயரில் விண்ணப்பிப்பது?

வெளிநாட்டில் குடியேற நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் நாட்டைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கின்றன. கடந்த ஓராண்டாக என் தங்கை குடும்பத்துக்காகக் கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் விதிகளையும் உட்கார்ந்து படித்த பிறகு, கணவன் மனைவி இருவரில் யாரை முதன்மை விண்ணப்பதாரராக நிறுத்துவது என்பதைத் தீர்மானித்துவிட்டால் நாடு ஏறக்குறையத் தானாகவே தெளிவாகிவிடும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கோவையில் நாங்கள் முதலில் போன கன்சல்டன்சியில் மாப்பிள்ளையின் படிப்பு, சம்பளம், வயது எல்லாவற்றையும் விசாரித்துப் படிவத்தில் நிரப்பினார்கள். தங்கையின் பெயருக்கு நேரே, அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்றுகூடக் கேட்காமல், 'டிபென்டன்ட்' என்று எழுதினார்கள். அவள் எட்டு ஆண்டு அனுபவமுள்ள பி.எஸ்சி. நர்ஸ். இந்த அலசலை எழுதத் தூண்டியது அந்த ஒரு சொல்தான்.

குடும்பத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு வயது 32. அவள் கணவருக்கு 37; பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் மெக்கானிக்கல் இன்ஜினியர். மகளுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. மகனுக்கு 4. மாப்பிள்ளையின் தாயார் அவர்களுடனேயே இருக்கிறார், வயது 66. கோவையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இதே அமைப்பில் குடும்பங்கள் இருப்பதால், இந்தக் கணக்கு பலருக்கும் பொருந்தும்.

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் 1,200 புள்ளிகளுக்கு மதிப்பிடுகிறார்கள். துணைவருடன் விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்கு 100 புள்ளிகள் கிடைக்கும். அதன் பிறகு 40 வயது வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 புள்ளிகள் குறைகின்றன. தங்கைக்கு 85, மாப்பிள்ளைக்கு 60 என்று தொடக்கத்திலேயே 25 புள்ளிகள் வித்தியாசம் வந்துவிடுகிறது. இளங்கலைப் பட்டம், கனடாவுக்கு வெளியே மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணி அனுபவம், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 என்று எடுத்தால், துணைவருக்கான புள்ளிகளையும் சேர்த்துத் தங்கைக்குச் சுமார் 410 வருகிறது. 2025இல் மருத்துவப் பணியாளர்களுக்காக நடந்த அழைப்புச் சுற்றுகளில் குறைந்தபட்சப் புள்ளி 460க்குக் கீழே இறங்கவில்லை. வேலைவாய்ப்புக் கடிதம் இருந்தால் முன்பு கிடைத்த 50 அல்லது 200 புள்ளிகளும் 2025 மார்ச் 25 முதல் நீக்கப்பட்டுவிட்டன. நிரந்தரக் குடியிருப்புக்கான ஆண்டு இலக்கை 2025க்கு 3,95,000 என்று குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய திட்டத்தில் அதே ஆண்டுக்கு 5,00,000 என்று இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் போன உறவினர்கள் சொல்லும் அனுபவத்தை வைத்து இன்றைய கனடாவைக் கணக்கிட முடியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் கனடாவில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது, அது பிரெஞ்சு. பிரெஞ்சு மொழிப் பிரிவுச் சுற்றுகள் 2025இல் 379 வரைகூட இறங்கின. கனடிய மொழி அளவுகோலில் நான்கு திறன்களிலும் ஏழாம் நிலையை எட்டினால் 50 கூடுதல் புள்ளிகளும் உண்டு. தொடக்கத்திலிருந்து அந்த நிலைக்கு வர, வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு ஒன்றரை ஆண்டாவது பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஒன்றரை ஆண்டில் ஜெர்மன் படித்தால் என்ன கிடைக்கும் என்பதையும் கூடவே யோசிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் புள்ளி முறை வேறு விதமாக அமைந்திருக்கிறது. அங்கே வயதுக்கான புள்ளி ஆண்டுதோறும் குறையாமல் படிப்படியாக இறங்குகிறது: 25 முதல் 32 வரை 30 புள்ளிகள், 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15. 45 வயதானவருக்கு அழைப்பே இல்லை. தங்கைக்கு அடுத்த பிறந்தநாளோடு 5 புள்ளிகள் போய்விடும். ஆனால் அதன் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு வயதால் மேலும் இழப்பு இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டதும் வீட்டில் இருந்த பாதிப் பதற்றம் அடங்கியது. 33 வயதில் அவளுக்கு 25, பட்டத்துக்கு 15, எட்டு ஆண்டு அனுபவத்துக்கு 15, நான்கு திறன்களிலும் ஐ.இ.எல்.டி.எஸ். 7க்கு 10, கணவரும் தொழில் தகுதி மதிப்பீடும் ஆங்கிலத் தேர்வும் முடித்திருந்தால் 10 என்று மொத்தம் 75 வருகிறது. ஒரு மாநிலம் 190 என்ற நிரந்தர விசாவுக்குப் பரிந்துரைத்தால் 5 கூடும். 491 விசா என்றால் 15 கூடும். 491 ஐந்தாண்டுத் தற்காலிக விசா என்றாலும், சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த இடங்களில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்த பின் அதிலிருந்து நிரந்தர விசாவுக்குப் போகலாம். அடிலெய்டும் பெர்த்தும் இந்தக் கணக்கில் 'பிராந்திய'ப் பகுதிகளே என்பதால் இதைக் கிராமத்து விசா என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

மாப்பிள்ளையை முன்னிறுத்தினாலும் இதே 75தான் வரும். வேறுபாடு தொழிலில் இருக்கிறது. மாநிலங்கள் நர்ஸ்களைத் தேடுகின்றன. மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

இதற்குரிய விலையை மறைக்கக் கூடாது. இந்தியாவில் படித்த நர்ஸ் முதலில் நர்ஸ்களுக்கான என்க்ளெக்ஸ் தேர்வில் தேற வேண்டும்; பிறகு அடிலெய்டுக்கு நேரில் போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வை எழுத வேண்டும்; அதன் பிறகுதான் பதிவும் தகுதி மதிப்பீடும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே தேர்வுக் கட்டணம், விமானச் செலவு, தங்கும் செலவு, சம்பளமில்லா விடுப்பு எல்லாம் வந்துவிடுகின்றன. 2025இல் ஆஸ்திரேலியா கொண்டுவந்த விரைவு வழி பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர் போன்ற சில இடங்களில் பதிவு பெற்றுப் பணியாற்றியவர்களுக்கானது. இந்தியப் பதிவு மட்டும் உள்ளவர்களுக்கு அது உதவாது. இதைச் சொல்லாமல் "நர்ஸுக்கு ஆஸ்திரேலியா ஈஸி" என்று மட்டும் சொல்லும் விளம்பரங்கள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன.

மாப்பிள்ளையின் பங்கும் சிறியதல்ல. இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா அமைப்புக்கு அவர் தன் பணி அனுபவத்தை மூன்று கட்டுரைகளாக எழுதித் தர வேண்டும். பம்பின் இம்பெல்லரில் வந்த அதிர்வை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்தார் என்பதை அவர் எழுதியிருந்த முதல் வரைவில் எல்லா வாக்கியங்களும் "நாங்கள் செய்தோம்" என்றே முடிந்திருந்தன. நம் ஊர்த் தொழிற்சாலையில் அப்படிச் சொல்வதுதான் மரியாதை. மதிப்பிடுபவர்களோ "நான் என்ன செய்தேன்" என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அதைத் திருத்தினோம். ஆயத்தக் கட்டுரைகளை விலைக்குத் தருபவர்களும் இருக்கிறார்கள். பிறர் எழுத்து என்று கண்டுபிடித்தால் விண்ணப்பத்தை நிராகரிப்பதோடு மீண்டும் விண்ணப்பிக்கவும் தடை விதிப்பார்கள் என்பதால் அந்தப் பக்கம் போகவே கூடாது.

கட்டணத்தை ஒப்பிட்டால் மூன்று நாடுகளும் மூன்று உலகங்கள். நான்கு பேருக்கு ஆஸ்திரேலிய அரசுக் கட்டணம், 2025 ஜூலை விகிதப்படி, சுமார் 9,800 ஆஸ்திரேலிய டாலர். கனடாவுக்கு, 2024 ஏப்ரல் விகிதப்படி, 3,570 கனடிய டாலர். அதோடு நான்கு பேர் குடும்பத்துக்கு 28,000 டாலருக்கு மேல் கையிருப்பையும் காட்ட வேண்டும். ஜெர்மனியின் தேசிய விசாவுக்குப் பெரியவருக்கு 75 யூரோ, குழந்தைக்கு அதில் பாதி. ஆக 225 யூரோ.

ஜெர்மனியை மாப்பிள்ளையின் நாடு என்று சொல்லலாம். அங்கே புள்ளிப் போட்டி இல்லை. வேலை கிடைத்தால் பட்டதாரிப் பணியாளர்களுக்கான குடியிருப்பு அனுமதியான புளூ கார்டு கிடைக்கும். 2026இல் அதற்குத் தேவையான ஆண்டுச் சம்பளம் 50,700 யூரோ. இன்ஜினியர் போன்ற ஆள்பற்றாக்குறைத் தொழில்களுக்குச் சுமார் 45,934 யூரோ. மனைவிக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இறங்கிய நாள் முதல் அவள் எந்த வேலைக்கும் போகலாம். பி1 என்ற இடைநிலை ஜெர்மனோடு 21 மாதங்களில், ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும் இருந்தால் 27 மாதங்களில் நிரந்தரக் குடியிருப்பு. பொது மருத்துவக் காப்பீட்டில் வேலைக்குப் போகாத துணைவரும் குழந்தைகளும் கூடுதல் தொகையின்றிச் சேர்ந்துகொள்வார்கள். குழந்தை ஒன்றுக்கு மாதம் 259 யூரோ உதவித்தொகையும் உண்டு. தாளில் பார்த்தால் மூன்றில் இதுவே மிக நியாயமான ஏற்பாடு. அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் தங்கை அங்கே 'எந்த வேலைக்கும்' போகலாம், நர்ஸ் வேலைக்கு மட்டும் உடனே போக முடியாது. அதற்கு பி2 நிலை ஜெர்மனும், இந்தியப் படிப்புக்கு அந்த மாநிலத்தின் அங்கீகாரமும் வேண்டும்; குறை இருப்பதாகச் சொன்னால் தேர்வோ பயிற்சிக் காலமோ முடிக்க வேண்டும். அதுவரை உதவியாளர் வேலைதான். ஐ.சி.யூ.வில் இரவுப் பணியைத் தனியாக நடத்திய ஒருத்தி, இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு, புது மொழியில், உதவியாளராக மீண்டும் தொடங்க வேண்டும் என்பதை வெறும் 'மாறுதல் காலம்' என்று எழுதிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. திருமணமாகாத 24 வயது நர்ஸுக்கு இதே ஜெர்மனியை நான் முதலிடத்தில் வைப்பேன்.

குழந்தையின் பள்ளி இந்தக் கணக்கில் பலரும் தவறவிடும் பக்கம். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு தொடக்கப் பள்ளி முடிந்துவிடும். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் கிம்னாசியமா, வேறு வகைப் பள்ளியா என்று பிள்ளைகள் பிரிக்கப்படுகிறார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் இது ஆறாம் வகுப்புக்குப் பிறகு. வேலை தேடி, விசா வாங்கிப் போய்ச் சேரும்போது தங்கையின் மகள் சரியாக நான்காம் வகுப்பில், ஜெர்மன் ஒரு வார்த்தையும் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். பிறகு மாறிக்கொள்ள வழிகள் உண்டு என்றாலும் அவை எளிதானவை அல்ல. நான்கு வயது மகனுக்கு இதே ஜெர்மனி எந்தச் சிரமமும் தராது. மழலைப் பள்ளியிலேயே மொழி வந்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நாடு இரண்டு விதமாக அமைகிறது. "பாப்பா அஞ்சாவது முடிக்கறதுக்குள்ள போனாப் போதுங்ணா" என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆங்கிலவழியில் படித்துவரும் மகளுக்கு ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ அந்தக் கெடு போதும், ஜெர்மனிக்குப் போதாது.

மாப்பிள்ளையின் தாயாரைப் பற்றிப் பேசும்போது மூன்று நாடுகளும் ஏறக்குறைய ஒரே முகத்தைக் காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவில் குறைந்த கட்டணப் பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு சுமார் முப்பது ஆண்டுகள். அதைவிடச் சீக்கிரம் கிடைக்கும் விசாவுக்கு ஒருவருக்கு 40,000 டாலருக்கு மேல் ஆகும், அதிலும் பல ஆண்டுக் காத்திருப்பு உண்டு. ஜெர்மனி 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பின்னரோ குடியிருப்பு அனுமதி பெற்ற திறன் பணியாளர்களின் பெற்றோரை அனுமதிக்கிறது; ஆனால் 66 வயதில் அங்கே மருத்துவக் காப்பீடு எடுப்பதே பெரிய தடை. கனடாவின் சூப்பர் விசாதான் இவற்றில் மேலானது: ஒரு முறை நுழைந்தால் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம், 1,00,000 டாலருக்குக் குறையாத காப்பீடு வேண்டும். தாயாரை உடன் வைத்துக்கொள்வதே ஒரு குடும்பத்தின் முதல் நிபந்தனை என்றால், பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து கனடாவுக்கு முயல்வதே சரி.

உடல்நலச் சோதனையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் குடும்பத்தில் ஒருவர் அதில் தேறாவிட்டால் எல்லோருடைய விண்ணப்பமும் நிராகரிக்கப்படும். கனடாவிலும் ஒருவரது உடல்நிலையால் அரசுக்கு ஆகும் செலவுக்கு வரம்பு உண்டு. ஆனால் 2018 முதல் சிறப்புக் கல்விச் செலவை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆட்டிசம் போன்ற நிலையில் உள்ள குழந்தையின் பெற்றோர் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

எந்த நாடாக இருந்தாலும் நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல் இனிஷியல். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலி. பட்டச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். தங்கையின் பாஸ்போர்ட்டில் எங்கள் அப்பா பெயர் சர்நேம். அவளுடைய நர்சிங் கவுன்சில் பதிவில் இனிஷியல் மட்டும். மகளுக்குத் தந்தை பெயர் சர்நேம். நான்கு பேரையும் ஒரே குடும்பம் என்று காட்ட ஒரு சர்நேம்கூடப் பொதுவாக இல்லை. 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரியிடம் வாங்கிய உறுதிமொழிப் பத்திரங்கள் மட்டுமே ஒரு கோப்பு நிரம்பின. பாஸ்போர்ட்டைத் திருத்துவதானால் மொழித் தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே திருத்திவிட வேண்டும். பிறகு திருத்தினால் தேர்வுச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் பொருந்தாமல் போய்விடும்.

இந்தக் குடும்பத்துக்கு என் தேர்வு ஆஸ்திரேலியா, தங்கையை முதன்மை விண்ணப்பதாரராக வைத்து, 190க்கும் 491க்கும் சேர்த்து. அவள் தன் தொழிலில் ஒரு படி கீழே இறங்காமல் போகக்கூடிய வழி மூன்றில் இது ஒன்றுதான். ஜெர்மனியை முற்றிலும் விடவில்லை: மாப்பிள்ளை தன் பட்டத்துக்கு ஒப்பீட்டுச் சான்று கேட்டு விண்ணப்பித்திருக்கிறார், மாலையில் ஏ1 வகுப்புக்கும் போகிறார். தங்கை இரவுப் பணி முடிந்து வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, ஒரு நாளைக்கு எழுபத்தைந்து கேள்விகள் என்று என்க்ளெக்ஸுக்குப் படிக்கிறாள். தேர்வு முடிவு வந்ததும் அடிலெய்டு பயணத்துக்கு விடுப்புக் கேட்க வேண்டும். தாயாருக்கான பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நான் போன வாரமே பதிவு செய்துவிட்டேன், சர்நேம் கட்டத்தையும் நிரப்பித்தான்.