சோலார் பெட்டிக்குள் ஏ.சி. பிரேக்கர்: மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், உஷார்

சோலார் பேனல் வைத்திருப்பவர்களும் வைக்கப் போகிறவர்களும் படித்துவிடுங்கள். பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம், வீட்டு லைனில் வருவது திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. அதைத் துண்டிக்கும் சுவிட்சான பிரேக்கரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். கொட்டேஷனில் 'டி.சி. பிரேக்கர்' என்று போட்டுப் பணம் வாங்கிய நிறுவனம், எங்கள் வீட்டில் மாட்டியது சாதாரண ஏ.சி. பிரேக்கர் (எம்.சி.பி.). பேனலின் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரைப் பார்க்க வந்த வேறொரு எலக்ட்ரீஷியன், நல்ல வெயிலில் அதை ஆஃப் செய்தார். லீவர் இறங்கியது, மின்சாரம் நிற்கவில்லை. உள்ளே சர்ரென்று இரைச்சல், பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அவர் ஓடிப்போய் இன்வெர்ட்டரை நிறுத்திய பிறகுதான் அடங்கியது.

நிறுவனத்தைக் கேட்டால், "ரெண்டும் 32 ஆம்பியர்தானே சார், என்ன வித்தியாசம்?" என்கிறார்கள். வித்தியாசம் ஆம்பியரில் இல்லை. 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுத் திசை மாறுகிறது. பிரேக்கருக்குள் தொட்டுக்கொண்டிருக்கும் உலோக முனைகள் (கான்டாக்ட்) பிரியும்போது, இடைவெளியில் நெருப்பாகக் கிளம்பும் ஆர்க் அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். டி.சி.யில் பூஜ்யம் வரவே வராது. ஆர்க்கை இழுத்து நீட்டி, துண்டாக்கி, குளிரவைத்தால்தான் அணையும். பல டி.சி. பிரேக்கர்களில் ஆர்க்கைத் தகட்டு அடுக்குக்குள் தள்ளுவதற்கென்றே காந்தம் வைத்திருப்பார்கள். பிளஸ், மைனஸ் குறி போட்ட வகையைத் திருப்பி மாட்டினால் காந்தம் ஆர்க்கைத் தப்பான பக்கம் தள்ளும். அசல் டி.சி. பிரேக்கரே எரிந்துபோகலாம்.

சந்தேகம் இருந்தால் பத்து ஆம்பியர் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் 250 வோல்ட் ஏ.சி. என்றும், அதன் கீழேயே 30 வோல்ட் டி.சி. என்றும் அச்சிட்டிருக்கும். அதே கான்டாக்ட்தான்! பேனலோ ஒன்று 40 வோல்ட் என்றாலும், பத்தை சீரிஸில் கோர்த்தால் 400. குளிரில் இன்னும் ஏறும். 'ஏதாவது ஆனால் தானாக ட்ரிப் ஆகிவிடும்' என்றும் இருக்க முடியாது. ஒரே ஒரு வரிசை பேனல் என்றால், அதன் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டமே வழக்கமான ஓட்டத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்; பிரேக்கர் ட்ரிப் ஆக அது போதாது.

பெட்டியைக் கழற்ற வேண்டாம், பிரேக்கரின் முகப்பைப் படித்தாலே போதும். வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் அலைக்கோடு மட்டும் இருந்தாலோ, ஐ.இ.சி. 60898-1 என்ற தர எண் மட்டும் போட்டிருந்தாலோ அது ஏ.சி.க்கானது. 60947-2 என்றிருந்தாலும் டி.சி. வோல்ட் தனியாக எழுதியிருக்க வேண்டும். அந்த எண் உங்கள் பேனல் வரிசையின் திறந்த சுற்று வோல்ட்டுக்கு (எதையும் இணைக்காதபோது வரும் வோல்ட்) மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றித் தரச் சொன்னதற்கு 'வித்தியாசத் தொகை' கேட்டார்கள். டி.சி. பிரேக்கருக்குத்தானே பில் போட்டீர்கள் என்று கொட்டேஷனைக் காட்டியதும் பேச்சு நின்றது. அப்புறம் ஒரு ஆளை அனுப்பினார்கள். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேனல் கனெக்டரைப் பிடுங்கப் போனார் அவர். அங்கேயும் அதே ஆர்க்தான் கிளம்பும், முதலில் இன்வெர்ட்டரை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவேண்டியிருந்தது.