இத்தாலியில் வீடியோ எடுக்க யாரை அமர்த்தலாம்: தனி ஆளா, நிறுவனமா, ஊர்க் குழுவா?

கோமோ ஏரிக்கரையில் ஒரு கல்யாணம். மிலானை ஒட்டிய ரோ கண்காட்சி வளாகத்தில், லினெயாபெல்லே தோல் கண்காட்சிக்கு வந்த ஆம்பூர் நிறுவனத்தின் ஸ்டால். இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரக் கார் பயணம்தான். ஆனால் ஒன்றில் கலக்கும் ஆள் மற்றதில் சொதப்புவார். அதனால் 'இத்தாலியில் நல்ல வீடியோகிராஃபர் யார்?' என்று தேடுவதைவிட, எந்த வேலைக்கு எந்த வகை ஆள் என்று முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது.

வழிகள் மூன்று. அங்கே 'வீடியோமேக்கர்' என்று அழைக்கப்படும் தனி ஆள். கேமராமேன், ஒலி, லைட், எடிட்டர் எல்லாம் சேர்ந்த தயாரிப்பு நிறுவனம். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கூட்டிப் போகும் நம் குழு. வெட்டிங் பிளானர் தரும் 'பேக்கேஜ்' தனி வகை இல்லை. முதல் இரண்டில் ஒன்றைத்தான் கமிஷன் சேர்த்துக் கொடுப்பார்கள்.

கொட்டேஷன் இரண்டும் ஒரே தொகை, பில் வேறு

தனி ஆளும் நிறுவனமும் ஆளுக்கு 2,000 யூரோ எழுதித் தந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் தாளில் '+ இவா' என்று ஓரத்தில் சின்னதாக இருக்கும். இவா அந்நாட்டு வாட் வரி, 22 சதவீதம். கட்ட வேண்டியது 2,440. தனி ஆள் 'ஃபோர்ஃபெத்தாரியோ' என்ற சிறு தொழில் வரித் திட்டத்தில் இருந்தால் (ஆண்டு வரவு 85,000 யூரோ வரை) இவா கிடையாது. 2 யூரோ முத்திரைத் தீர்வை உண்டு. சிலர் 4 சதவீத ஓய்வூதியப் பங்கும் சேர்ப்பார்கள். மொத்தம் 2,082. பில் கல்யாண வீட்டார் பெயரில் போனால் அந்த 358 யூரோ நிஜமான மிச்சம்.

இந்திய நிறுவனத்தின் பெயரில் போனால் கணக்கே மாறும். நிறுவனத்துக்கு நிறுவனம் செய்யும் சேவைக்கு அங்கே இவா போட மாட்டார்கள். இங்கே ரிவர்ஸ் சார்ஜில் (சேவையை வாங்குபவரே வரி கட்டும் முறை) ஜிஎஸ்டி கட்டி, தகுதி இருந்தால் இன்புட் கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். வரி மிச்சம் என்று சொல்லித் தனி ஆளைப் பிடிப்பதற்குக் கம்பெனி வேலையில் காரணமே இல்லை.

முன்பணத்துக்கு அங்கே இரண்டு பெயர்கள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. 'அக்கோந்தோ' என்றால் வெறும் அட்வான்ஸ். 'கப்பர்ரா கொன்ஃபிர்மதோரியா' என்று எழுதியிருந்தால் இத்தாலியச் சிவில் சட்டத்தின் 1385ஆம் பிரிவு வந்துவிடும்: நீங்கள் பின்வாங்கினால் பணம் போச்சு, அவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். ஒரே நாளை நம்பியிருக்கும் கல்யாணத்துக்கு இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

கண்காட்சி ஸ்டாலுக்கும் மாநாட்டுக்கும்

ஸ்டால் என்றால் தனி ஆள் தாராளமாகப் போதும். மூன்று நாளும் அவரை நிற்க வைக்கத் தேவையில்லை. இரண்டாம் நாள் முழுதாக எடுத்தால் கூட்டமும் கிடைக்கும், ஸ்டாலும் கலைந்திருக்காது. ஆள் கிடைப்பதுதான் சிக்கல். லினெயாபெல்லே பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கும். மிலான் ஃபேஷன் வீக்கும் அதே மாதங்களில்தான். கைதேர்ந்தவர்கள் முன்கூட்டியே அங்கே புக் ஆகிவிடுவார்கள். ஏப்ரலில் மரச்சாமான் கண்காட்சி வாரம் என்றால் வெளியூர் ஆளுக்கு ஹோட்டல் வாடகையே அவர் கூலியைத் தின்றுவிடும். மிலானிலேயே குடியிருப்பவராகப் பாருங்கள். கேமராவோடு உள்ளே விட அமைப்பாளரின் அனுமதியையும் முன்பே வாங்கிவிடுங்கள். பக்கத்து ஸ்டாலின் புது டிசைன் ஃப்ரேமில் விழுந்தால் அங்கேயே சண்டைதான்.

ஸ்டால் வீடியோ கெடுவது பெரும்பாலும் ஒலியில். ஹாலின் இரைச்சலில், கேமரா மேல் மாட்டிய ஷாட்கன் மைக் பேசுபவரோடு சேர்த்து நாலு ஸ்டால் பேச்சையும் பிடிக்கும். செய்தியாளர்கள் வைத்திருக்கும் டைனமிக் கை மைக், வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தால் போதும். ஒயர்லெஸ் செட் ஊரிலிருந்து கொண்டுபோனால் அதிர்வெண்ணைப் பாருங்கள்: 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை அங்கே 5ஜிக்குப் போய்விட்டது. 694க்குக் கீழே வேலை செய்யும் செட் வேண்டும்.

மேடை, எல்இடி திரை, மொழிபெயர்ப்பு என்று முழு மாநாடாக இருந்தால் தனி ஆளை நம்பக் கூடாது, நிறுவனம்தான். குறைந்தது இரண்டு கேமரா, ஒலிக்கென்று தனி ஆள். மேடை ஒலியை நடத்துவது 'சர்வீஸ்' என்று அங்கே சொல்லப்படும் வாடகைக் கம்பெனி. அவர்களுடைய மிக்ஸரிலிருந்து வரும் லைன் அளவு சிக்னலை (மைக் சிக்னலைவிடப் பல மடங்கு வலுவானது) அப்படியே கேமராவின் மைக் துளையில் செருகினால் முழு உரையும் உடைந்த ஒலியாகப் பதிவாகும். தனி ரெக்கார்டரில் லைன் இன்புட்டாக எடுக்க வேண்டும், மேடை ஒலியும் மொழிபெயர்ப்பு ஒலியும் வேறு வேறு டிராக்கில். இதைக் கொட்டேஷனில் எழுதச் சொல்லிப் பாருங்கள். தயங்காமல் எழுதுகிறவர் வேலை தெரிந்தவர்.

நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்பதையும் எழுதிவிடுங்கள். இத்தாலியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; 30 ஃப்ரேமில் 1/60 வைத்து எடுத்தால் பழைய மாளிகை விளக்குகள் சில சிமிட்டிக்கொண்டே இருக்கும், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

கல்யாணத்தில் கணக்கு தலைகீழ்

2018 நவம்பரில் தீபிகா படுகோனும் ரன்வீர் சிங்கும் வில்லா பால்பியானெல்லோவில் மணந்த பிறகு, கோமோவில் இந்தியக் கல்யாணம் எடுத்ததாகச் சொல்லும் இத்தாலியர்களைத் தேட வேண்டியதில்லை. படம் அழகாகவே எடுப்பார்கள். ஒளியை ஆள்வதில் அவர்களை நாம் குறை சொல்ல முடியாது. முட்டுக்கட்டை சடங்கில்தான் வரும்.

அவர்கள் பழகியது அரை மணி நேரத்தில் முடியும் சிவில் திருமணத்துக்கும், பாதிரியார் சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கும் சர்ச் திருமணத்துக்கும். கெட்டிமேளம் என்று ஒரு குரல் வந்த மறுகணம் மொத்தக் கூட்டமும் எழுந்து, அட்சதை பறந்து, மாமாவின் முதுகு லென்ஸை மறைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நம் ஆள் அதற்கு முன்பே மணவறைக்குப் பக்கவாட்டில், வைட் லென்ஸோடு குத்துக்காலிட்டிருப்பார். இத்தாலியர் தூரத்தில் 85 மில்லிமீட்டர் லென்ஸில் பெண்ணின் கண்ணீரைப் பிடித்துக்கொண்டிருப்பார். இரண்டும் வேண்டும் என்பதுதான் உண்மை. நம்மூர்ப் பேச்சில் ஒன்று ட்ரெடிஷனல், மற்றது கேண்டிட்.

சடங்கு முழுதும் வேண்டும் என்ற வழக்கமும் அவர்களிடம் இல்லை. சில நிமிட டிரெய்லர், அரை மணிப் படம், அவ்வளவே. எடுத்த மூலக் காட்சிகளை, அவர்கள் பேச்சில் 'ஜிராத்தோ', ஒப்பந்தத்தில் எழுதினால் ஒழியத் தர மாட்டார்கள். பின்னால் கேட்டால் தனி விலை.

அப்படியானால் நம் குழுவையே முழுதாகக் கூட்டிப் போகலாமே? போகலாம், தாள் வேலைக்குத் தயாராக இருந்தால். சுற்றுலா விசாவில் போய்க் கூலிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கருவிகளுக்கு ஏடிஏ கார்னே (தீர்வை கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம்) வேண்டும்: ஒவ்வொரு பாடி, லென்ஸின் சீரியல் எண், எடை, மதிப்பு, இங்கே கிளம்பும்போது, அங்கே நுழையும்போது, வெளியேறும்போது, திரும்பி வரும்போது என்று நான்கு முத்திரை. அதிகாலை விமானத்துக்கு ஓடும் அவசரத்தில் மூன்றாவது முத்திரைதான் விட்டுப்போகும்; பிறகு தீர்வை கேட்டுக் கடிதம் வரும். பேட்டரிகள் கைப்பையில்தான், ஒவ்வொன்றும் 100 வாட்‑அவருக்குள். கோமோவைத் தாண்டினால் கியாஸோ, அது சுவிட்சர்லாந்து, ஐரோப்பியச் சுங்க எல்லைக்கு வெளியே. லுகானோவில் ஒரு ஷாட் என்று கிளம்பினால் கார்னேயில் அதற்கும் தாள் இருக்க வேண்டும்.

டிரோனை ஊரிலிருந்து கொண்டுபோகவே வேண்டாம். 250 கிராமுக்குக் குறைவானதென்றாலும் கேமரா இருந்தால் இயக்குபவர் பதிவு வேண்டும். இத்தாலியில் அது டி‑ஃப்ளைட் தளத்தில். காப்பீடும் கட்டாயம். நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தரும் சான்று அங்கே செல்லாது. கூட்டத்தின் மேல் பறக்கத் தடை. மாப்பிள்ளை ஊர்வலத்தின் தலைக்கு மேல் பறக்கிறேன் என்று சொல்லும் உள்ளூர் ஆளையும் நம்பாதீர்கள்.

எனவே கோமோவுக்கு எங்கள் தேர்வு கலப்புதான்: ஊரிலிருந்து சடங்கு தெரிந்த இருவர், அங்கிருந்து கேண்டிட்டுக்கு ஒருவர், டிரோனுக்கு ஒருவர். பட்ஜெட் இடிக்கிறதா, இத்தாலியரை மட்டும் அமர்த்திவிட்டு நிமிட வாரியாக ஒரு தாள் கொடுங்கள். காசியாத்திரை, மாலை மாற்றல், தாலி, அம்மி என்று ஒவ்வொன்றுக்கும் யார் எங்கே நிற்பார், எந்தப் பக்கம் திரும்புவார், எவ்வளவு நேரம் என்று. உறவினரில் ஒருவர் அவர் காதருகே நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தத் தாளில் வெயிலையும் எழுதுங்கள். லென்னோ, த்ரெமெட்ஸோ எல்லாம் ஏரியின் மேற்குக் கரை. ஜூனில் சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டும் என்று நம்பி மாலை எட்டுக்குப் போர்ட்ரெய்ட் வைத்தால், வெயில் அதற்குள் பின்னால் இருக்கும் மலைக்குப் போயிருக்கும். எதிர்க்கரை மட்டும் பொன்னாக மின்னும். காலை முகூர்த்தம் வைத்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கிழக்கு வெயில் நேரே மணவறை மேல் விழும்.

எடிட்டிங் கெடுவையும் தேதி போட்டு வாங்குங்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலியில் எந்த எடிட்டரும் ஃபோனை எடுப்பதில்லை. ஜூலைக் கல்யாணம் என்றால் டிரெய்லர் செப்டம்பரில்தான். அதுவரை கார்டுகளை அழிக்காமல், இரண்டு டிரைவில், இரண்டு ஊரில் வைக்கச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.