பாலம் இடிந்த இடத்தில் நின்றுபோன அப்பத்தா: டூயல் லேயர் டிவிடி பதியக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மியான்மரின் யாங்கோனில் டிவிடி பதியக் கொடுக்கப் போகிற நம் மக்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். திருமணம், கோயில் திருவிழா, வீட்டுப் பெரியவர்களின் பேச்சு என்று நீளமான எதையாவது டூயல் லேயர் (இரட்டை அடுக்கு) டிஸ்க்கில் பதியச் சொல்லியிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். என்னிடம் 1,08,000 கியாட் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு டிஸ்க் கொடுத்தார்கள். பன்னிரண்டில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அது எந்த நாளில், யார் முன்னால் கெட்டது என்பதை நினைத்தால்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

எங்கள் அப்பத்தா தமது 91ஆம் வயதில் காலமானார். 2016 இல் என் தம்பி அவரை மூன்று நாள் திண்ணையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் படம் பிடித்திருந்தான். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது (இன்றைய யாங்கோன்) ஜப்பான் விமானங்கள் குண்டு வீசியபோது அவருக்கு எட்டு வயது. அக்கம்பக்கத்தார் மூட்டைமுடிச்சுகளுடன் அரக்கான் வழியாகவும் அசாம் வழியாகவும் கால்நடையாக ஊருக்குக் கிளம்பியதையும், தம் குடும்பம் மட்டும் பெகு பக்கத்து வயல் கிராமத்தில் ஒண்டிக்கொண்டதையும் அவர் சொல்லும்போது கேட்பவருக்கு மூச்சு அடைக்கும். நடுநடுவே நடவுப் பாட்டும் தாலாட்டும் வரும். எல்லாம் சேர்ந்து 2 மணி 40 நிமிடம். படம் மங்கக்கூடாது என்று தம்பி தரத்தைக் குறைக்காமல் தொகுத்ததில் 7.8 ஜிபி வந்தது. சாதாரண டிவிடி 4.7 ஜிபிதான் கொள்ளும். ஆகவே 8.5 ஜிபி கொள்ளும் டூயல் லேயர் டிஸ்க்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இந்தக் காலத்தில் டிவிடி எதற்கு என்று கேட்பீர்கள். பெரியப்பா வீட்டில் இணையம் வருவது மழை வருவதைப்போல. ஆனால் பேட்டரியில் ஓடும் சின்ன டிவியும் பழைய பிளேயரும் அங்கே இருக்கின்றன. தட்டோனில் இருக்கும் அத்தைக்குக் கைப்பேசியில் படம் பார்க்கக் கண் தெரியாது. முதலாண்டுத் திதிக்கு எல்லாரும் கூடும்போது வீட்டுக்கு ஒன்று கொடுத்தனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அனோரத்தா சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள கடை அது. நம்மவர் கடைதான். தமிழில் பேசியதும் நானும் நம்பிவிட்டேன். பெயர் போன ஒரு நிறுவனத்தின் டிஸ்க் டப்பாவை எடுத்துக் காட்டி, “இதில்தான் அக்கா போட்டுத் தருவேன். ஒன்று 9,000” என்றார் கடைக்காரத் தம்பி. இரண்டு நாள் கழித்துப் போனபோது பன்னிரண்டு டிஸ்க்கும் காகித உறையில் தயாராக இருந்தன. மேல்பக்கம் எழுத்தே இல்லாமல் வெள்ளையாக இருந்தது. டப்பாவில் நான் பார்த்த டிஸ்க்குகளில் நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தது. அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. “இனிமேல் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்து இடத்தைக் காலி செய்துகொள்ளலாம் அக்கா” என்று வேறு சொன்னார். என் தம்பி அழிக்கவே இருந்தான். திதி வேலையில் நேரம் கிடைக்காததால் மட்டுமே அந்தக் கோப்பு பிழைத்தது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

திதியன்று படையல் முடிந்து, எல்லாரும் சாப்பிட்டு, பாயில் உட்கார்ந்து படத்தைப் போட்டோம். 1 மணி 22ஆவது நிமிடம். 1942 பிப்ரவரி 23 அன்று விடியற்காலையில் பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது சித்தாங் ஆற்றுப் பாலத்தைத் தானே தகர்த்துவிட்டுப் போனது. அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டு எழுந்த கதையை அப்பத்தா ஆரம்பிக்கிறார். வாயோரத்து வெற்றிலைச் சாற்றை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, “அன்றைக்கு விடியவில்லை, கோழிகூடக் கூவவில்லை” என்று சொல்லிக் கையைத் தூக்குகிறார். தூக்கிய கை அப்படியே நின்றது. முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தது. பிளேயருக்குள் டிஸ்க் முன்னும் பின்னும் கரகரவென்று தேடியது. பிறகு திரை கறுத்துவிட்டது. அடுத்த வரியைப் பெரியப்பா தாமே சொல்ல ஆரம்பித்தார். நூறு முறை கேட்ட கதை அது. இரண்டு சொல்லுக்கு மேல் அவரால் முடியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இரண்டாவது டிஸ்க்கைப் போட்டோம். அதே இடத்தில் நின்றது. மூன்றாவது கடைசிவரை ஓடியது. ஆனால் ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் அப்பத்தாவின் முகம் குழைந்து தெரிந்தது. ஒரே கோப்பைப் பதிந்த இரண்டு டிஸ்க் எப்படி இரண்டு விதமாக இருக்கும்? எனக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான்.

கடைக்குத் திரும்பிப் போனேன். முதலில் “பிளேயர் பழையது அக்கா” என்றார். என் கணினியிலும் நிற்கிறதே என்றேன். “அப்படியானால் உங்கள் வீடியோவில்தான் கோளாறு” என்றார். அதே வீடியோ தம்பியின் கணினியில் முழுதாக ஓடுகிறதே என்றேன். “கரண்ட் ஏறி இறங்குகிறது, நான் என்ன செய்யட்டும்” என்றார். கடைசியில், ஒரு டிஸ்க்குக்கு 3,000 கூடக் கொடுத்தால் சுருக்கிச் சாதாரண டிவிடியில் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஐந்து டிஸ்க்கில் அதை அவர் ஏற்கெனவே செய்துவிட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

என் அத்தை மகன் பல ஆண்டுகள் வீடியோ வேலை செய்தவர். பன்னிரண்டு டிஸ்க்கையும் அவர் மேசையில் கொட்டினேன். ஒவ்வொன்றாகக் கணினியில் போட்டு அளவைப் பார்த்தார். ஐந்து டிஸ்க்கில் இருந்தது 4.3 ஜிபி. இம்ஜிபர்ன் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் டிஸ்க்கின் வகை சாதாரண டிவிடி பிளஸ் ஆர் (DVD+R, ஒரே முறை எழுதக்கூடிய டிவிடி வகை) என்றே காட்டியது. 7.8 ஜிபி படத்தைப் பாதியாகக் கசக்கி ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் போட்டு, இரட்டை அடுக்கு விலை வாங்கியிருக்கிறார். உங்களிடம் இருப்பதையும் இப்படியே சோதிக்கலாம். எழுதாத டிஸ்க்காக இருந்தால், அதே மென்பொருளில் காலி செக்டர் (தரவு எழுதும் சின்னக் கூறு) எண்ணிக்கையைப் பாருங்கள். இரட்டை அடுக்கு டிவிடி பிளஸ் ஆர் என்றால் 41,73,824 இருக்க வேண்டும். 22,95,104 என்று காட்டினால் அது ஒற்றை அடுக்கு.

மீதி ஏழும் உண்மையிலேயே இரட்டை அடுக்கு டிஸ்க்குகள்தாம். ஆனால் அவற்றின் தயாரிப்புக் குறியீடு, எனக்குக் காட்டிய டப்பாவின் நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதைத் தயாரித்தவரின் குறியீடு பதிந்திருக்கும். டிரைவ் அதைப் படித்து, இந்தச் சாயத்துக்கு லேசர் எவ்வளவு சூடு கொடுக்க வேண்டும் என்று தன் நினைவில் உள்ள பட்டியலில் பார்க்கும். பட்டியலில் இல்லாத டிஸ்க் என்றால் பொதுவான ஓர் அளவை வைத்து ஒப்பேற்றும். டிரைவின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, புதுப்பிக்கச் சொல்வது அந்தப் பட்டியல் வளர வேண்டும் என்பதற்காகத்தான்.

எல்லாம் ஏன் பாதியிலேயே நிற்கிறது என்று கேட்டேன். அத்தை மகன் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். முதல் அடுக்கு உள்வட்டத்திலிருந்து வெளி ஓரத்துக்கு எழுதப்படும். ஓரத்துக்கு வந்ததும் லேசர் குவியத்தை மாற்றிக்கொண்டு இரண்டாவது அடுக்குக்குத் தாவி, அங்கிருந்து உள்நோக்கித் திரும்பும். இரண்டு அடுக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். இரண்டாவது அடுக்கை எழுத, பாதி ஒளி ஊடுருவும் முதல் அடுக்கைத் தாண்டி லேசர் போக வேண்டும். ஆகவே கூடுதல் சக்தி வேண்டும். லேசர் தேய்ந்த பழைய டிரைவ், தூசி படிந்த லென்ஸ், ஓரத்தில் சரியாக ஒட்டாத மலிவான டிஸ்க், பிடித்த இடத்தில் பதிந்த விரல் ரேகை என்று எந்தக் குறை இருந்தாலும் அது பெரும்பாலும் வெளிப்படும் இடம் அந்தத் தாவல்தான். முதல் பாதி நன்றாக ஓடுவதைப் பார்த்து டிஸ்க் நல்லது என்று ஒருவரும் நம்ப வேண்டாம்.

மறுபடி கடைக்குப் போனபோது அவர் வேலை செய்யும் விதத்தைக் கண்ணாலேயே பார்த்தேன். மின்சாரம் இல்லாத நேரம். லேப்டாப்பில் ஒற்றை யூஎஸ்பி கேபிளில் தொங்கும் மெல்லிய டிரைவ், வேகம் அதன் உச்சத்தில். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் மின்வெட்டு தன்னை ஒன்றும் செய்யாது என்றார். அதுவரை சரிதான். ஆனால் பழைய யூஎஸ்பி 2.0 துளை தரும் மின்னோட்டத்தின் வரம்பு 500 மில்லிஆம்பியர். இரண்டாவது அடுக்கில் எழுதும் நேரத்தில் அப்படிப்பட்ட டிரைவுக்கு அது போதாமல் போகலாம். தனி மின் இணைப்போ, இரண்டு துளையில் செருகும் கேபிளோ வேண்டும். எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்துப் பார்க்கும் சோதனையை அவர் செய்வதே இல்லை. இன்னொரு மடங்கு நேரம் ஆகுமாம். ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று திரையில் வந்தால் உறையில் போட்டுவிடுவார். டிரைவ் எழுதி முடித்தது என்பதைத்தான் அந்த அறிவிப்பு சொல்கிறது. எழுதியதை மறுபடி படிக்க முடியுமா என்பதை அது சொல்லாது.

பிறகு நாங்களே செய்தோம். எம்கேஎம் என்று தொடங்கும் குறியீடு உள்ள டிஸ்க்கைத் தேடி வாங்கினோம். மிட்சுபிஷி ககாகு மீடியாவின் குறியீடு அது. 2004 இல் இவ்வகை டிஸ்க் கடைக்கு வந்த காலத்திலிருந்தே நன்றாக எழுதும் என்று பெயர் பெற்றது. குறியீட்டையும் திருடி அச்சிடுகிற போலிகள் உண்டு என்பதால் முதலில் இரண்டே இரண்டுதான் வாங்கினோம். மேசைக் கணினியை இன்வெர்ட்டரில் இணைத்து, டிவிடியின் அடிப்படை வேகத்தைப்போல் 4 மடங்கு வேகத்தில் எழுதினோம். முதல் டிஸ்க் 52 விழுக்காட்டில் எழுத்துப் பிழை என்று நின்றுவிட்டது. அத்தை மகன் அசரவில்லை. டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் டிரைவை மாற்றினார். அவருடைய டிரைவ் ஆயிரக்கணக்கில் எழுதித் தேய்ந்தது. அண்டை வீட்டுக் கணினியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இன்னொன்றில் இரண்டாவது டிஸ்க் முழுதாக எழுதப்பட்டு, ஒப்பீட்டிலும் ஒரு பிழை இல்லாமல் தேறியது. எழுத 26 நிமிடம். ஒப்பிட ஏறக்குறைய அதே நேரம். மின்சாரம் வருகிற போகிற நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு நாளுக்கு மூன்று என்று எழுதினோம்.

இன்னும் இரண்டு செய்தோம். பழைய பிளேயர்கள் முகம் சுளிக்காமல் இருக்க, டிஸ்க்கின் வகைக் குறிப்பை டிவிடி ரோம் (DVD-ROM, கடையில் விற்கும் அச்சிட்ட படங்களின் வகை) என்று மாற்றினோம். டிவிடி பிளஸ் ஆர் வகையில் இதற்கு வழி இருக்கிறது. எழுதுவதற்கு முன் மென்பொருளிலேயே செய்யலாம். மற்றொன்று தம்பியின் யோசனை. அடுக்கு மாறும் இடத்தில் பிளேயர் ஒரு கணம் தயங்கும். அந்த இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். முதல் அடுக்கு இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது என்பது முக்கியமான கட்டுப்பாடு. பாலத்துக் கதையைச் சொல்லி முடித்து அப்பத்தா செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கிற இடம் 1 மணி 24ஆவது நிமிடத்தில் இருக்கிறது. அங்கே ஓர் அத்தியாயப் பிரிவை வைத்து, தாவலை அங்கே வைத்தான்.

பழைய டிஸ்க்குகளையும் கணினியில் எடுத்த சோதனைப் படங்களையும் கடைக்காரர் முன் வைத்தபோது, ஒற்றை அடுக்கு ஐந்துக்கும் 45,000 கியாட்டை வாய் திறக்காமல் எண்ணிக் கொடுத்தார். மற்ற ஏழுக்கும் 63,000 வர வேண்டும். பேச்சு முடியவில்லை என்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தச் சந்தில் வெள்ளை முகமுள்ள டிஸ்க் வாங்கியவர்கள் யாராக இருந்தாலும், இன்றைக்கே எடுத்து நடுப்பகுதியிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அதுவரை மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். இனிமேல் கொடுப்பவர்கள், வேலை தொடங்குமுன் எழுதாத டிஸ்க்கை உங்கள் கண்ணெதிரே கணினியில் போட்டுக் குறியீட்டையும் செக்டர் எண்ணிக்கையையும் காட்டச் சொல்லுங்கள். ஒப்பீட்டுச் சோதனை செய்து தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். மறுக்கிற கடையிலிருந்து கோப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

போன ஞாயிறு பெகுவுக்குப் போய்ப் பெரியப்பா வீட்டில் புதிய டிஸ்க்கைப் போட்டேன். 1 மணி 22ஆவது நிமிடம் நெருங்கியபோது அவர் பாயை விட்டு எழுந்து, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பத்தா கையைத் தூக்கினார், பாலம் இடிந்த கதையை முழுதாகச் சொன்னார், செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பெரியப்பா மறுபடி வந்து உட்கார்ந்தார்.